நடைபாவாடை விரித்தவர்

அறுபதுகளில் ஒரு மாசி மாதம், செஞ்சிக் கோட்டையடி மைதானத்தில் சினிமாப் பாடகர்களுக்குப் பரிசளிப்பு விழா நடந்தது. காரிலிருந்து மேடை வரை அவர்கள் மிதித்து வர நடைபாவாடையாக வெள்ளைத் துணி விரித்தவர் எங்கள் தெருச் சலவைக்காரர். ஒடிசலான உடம்பு, துணி வெளுக்கும் உவர்மண்ணில் வெடித்த விரல்கள். யாருடைய உடையைப் பார்த்தாலும் அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் காற்றிலேயே அந்தத் துணியைத் தேய்த்துப் பார்க்கும்.

நான் அவர் பக்கத்தில் நின்றேன். சரிகைக் கோட்டுப் போட்ட பாடகர் ஒருவர் கையசைத்தபடி போனார்.

“தூ! மேல ஜரிகை மின்னுது. காலரப் பாரு சார், ஒரு வாரத்து எண்ண அழுக்கு” என்றார் சலவைக்காரர்.

அடுத்து ஜிகினாப் புடவையில் ஒரு பாடகி வந்தார். அவர் குரலுக்கு உருகிக் கிடந்தவன் நான்.

“இத தண்ணில போட்டா சாயம் மொத்தமும் ஏரிக்கே போயிடும். அதான் தொவைக்காமயே கட்டினு வந்துகீது. சென்ட்ட ஊத்தி நாத்தத்த அமுக்கி வச்சிகீறாங்க.”

கடைசியாக வந்தவர் வெற்றிலை எச்சிலை அந்த வெள்ளைத் துணியிலேயே துப்பிவிட்டு மேடையேறினார்.

“சீ! இவங்களுக்கு நம்ம ஊர்க்காரங்க எவ்வளவோ தேவலை, இல்ல?” என்றேன், என் வெள்ளைச் சட்டையை நீவிக்கொண்டே.

துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. “எங்கிட்ட துணி போடறவங்க சங்கதிய நான் வெளிய சொல்றதில்ல சார். உங்க சங்கதியும்தான்.”

மறுவாரம் அவர் அழுக்குத் துணி எடுக்க வந்தபோது, என் சட்டைகளை முந்தின நாளே சோப்புப் போட்டு அலசிக் காயவைத்திருந்தேன். அவர் ஒரு காலரை எடுத்து விரல்களால் தேய்த்துப் பார்த்தார். பிறகு மூட்டையில் போட்டுக்கொண்டார்.