இறங்காத முள்

யுத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தவன் என்று குடிவரவு அதிகாரியிடம் கண்ணீரோடு சொல்லியிருந்தேன். அந்த ஈரம் காயுமுன் ரொக்ஸ்பரோ என்ற புறநகரில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில் எனக்குக் கிடைத்த படுக்கை, குண்டுவீச்சு விமானம் ஒன்றின் உடைசல்களுக்கு நடுவே கிடந்தது.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். பிரெஞ்சுக் கிழவர், தனியாள். உலக யுத்தக் காலத்தில் வடக்கே மலைக்காட்டில் விழுந்த ஒரு விமானத்தின் துண்டுகளை வருடா வருடம் பொறுக்கி வந்து, கழுவி, தட்டுகளில் அடுக்கியிருந்தார். நெளிந்த தகடுகள், விமானி காதில் மாட்டும் ஒலிக்கருவி, பாதி உருகிய கைப்பிடி. நடுவில், உயரம் காட்டும் கருவி. கண்ணாடி வெடித்திருந்தது; முள்ளுக்கு மட்டும் உயிர் இருந்தது. அந்த விமானத்தில் போனவர் அவருடைய அண்ணன். வீட்டுக்கு வந்த சவப்பெட்டியைத் திறக்க விடவில்லையாம். "மிச்சம் அங்கேதான் இருக்க வேண்டும்" என்பார், மறந்து வைத்த குடையைப் பற்றிச் சொல்வதுபோல.

ஒரு வசந்தத்தில் நானும் கூடப் போனேன். நெடுமரங்களுக்கு நடுவே இளமரங்கள் மட்டும் நிற்கும் நீளமான கீறல். விமானம் விழுந்த வழி. குருவிச் சத்தம் இல்லை. கிழவர் தொப்பியைக் கழற்றி, அண்ணன் பெயரை ஒருமுறை கூப்பிட்டுவிட்டுத்தான் மண்ணைக் கிளறினார். எனக்கு ஒரு சப்பாத்தின் அடிப்பாகம் அகப்பட்டது. விளையாட்டாகக் காலோடு வைத்துப் பார்த்தேன். அளவாக இருந்தது. பிறகு நான் விளையாடவில்லை.

இலையுதிர்காலத்தில் மனைவி வந்து சேர்ந்தாள். அவளுடைய தம்பி ஊரில் ஒருநாள் மீன் வாங்கப் போய்த் திரும்பவில்லை. என்ன ஆனான் என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் எந்தச் சடங்கும் செய்யவில்லை. செய்தால் செத்தவன் ஆகிவிடுவான்.

வந்த அன்றைக்கே அவள் தட்டுகளைப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, செத்த ஆக்களின்ர சாமானோட என்னெண்டு படுக்கிறது?"

"கழுவித்தான் வைச்சிருக்கிறார்."

"கழுவினாச் செத்தவீட்டுத் துடக்குப் போமோ?"

"அப்ப கர்க்லாண்டில பணக்காரரோட ஒரு மாளிகை பாப்பம்."

"பகிடி விட்டது காணும். அந்த முள் அசையுது."

அசையத்தான் செய்தது. காற்றழுத்தம் குறைந்தால் முள் ஏறும், கூடினால் இறங்கும் என்று பெரிய விஞ்ஞானிபோல விளங்கப்படுத்தினேன். ஆனாலும் நிலத்துக்குக் கீழே படுத்திருந்த எங்களை அது முந்நூறு அடி உயரத்தில் வைத்திருந்தது. என் விஞ்ஞானத்தை நானே போர்வைக்குள்ளிருந்துதான் நம்பினேன்.

அவள் வேறு காரணம் கண்டுபிடித்தாள். "வீட்டுக்கார ஐயாவின்ர தமையனுக்கு ஒருத்தரும் படைக்கேல்லைப் போல. அதுதான் இறங்கேலாமல் நிக்கிறார். படைப்பம்."

அண்ணனுக்கு என்ன பிடிக்கும் என்று கிழவரிடம் கேட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். பட்டாணிச் சூப், சிகரெட் என்று உடனே சொன்னார். யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தவர்போல.

ஞாயிறு மதியம். வாழையிலைக்குப் பதிலாக அலுமினியத் தாள் விரித்தாள். ஒன்றில் சூப்பும் சிகரெட்டும். பக்கத்தில் இன்னொரு தாள். அதில் புட்டும் மீன்பொரியலும். மீன்பொரியல் யாருக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

"இது யாருக்கு?" என்று கிழவர் கேட்டார்.

நான் வாயெடுத்தேன்.

"சொல்லாதேங்கோ" என்றாள்.

படைத்த பிறகு அறையைச் சாத்திவிட்டு வெளியே நிற்க வேண்டும். அவர்கள் வந்து சாப்பிடுவதற்கு. மூவரும் வெளியேறினோம். கதவில் கை வைத்தவள் சாத்தவில்லை. திரும்ப உள்ளே போய், இரண்டாவது தாளைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைச் சாத்தினாள்.

"அவன் ஏன் இந்தக் குளிருக்க வரப்போறான்?" என்றவள், படியில் குந்தியிருந்து புட்டையும் மீனையும் ஒரு பருக்கை விடாமல் தானே சாப்பிட்டாள். சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு நாங்கள் நின்றோம். உள்ளே ஏதோ தகரம் ஒருமுறை மெல்ல முனகியது. சூடாக்கிக் குழாயாக இருக்கலாம். இருக்க வேண்டும்.

தட்டிவிட்டுத் திறந்தோம். சூப் ஆறியிருந்தது. முள் முன்னைவிட ஏறியிருந்தது. சிறிய யன்னலுக்கு வெளியே முதல் பனி கொட்டத் தொடங்கியிருந்தது. காரணம் அதுதான், வேறில்லை.

"இன்னும் இறங்கேல்லை" என்றாள். குரலில் கவலையைத் தேடினேன்; அகப்படவில்லை.

கிழவருக்கு மொழிபெயர்த்தேன். அவர் தலையாட்டி, பனி உருகியதும் மறுபடி போக வேண்டும் என்றார்.

அதற்குப் பிறகு அறை மாறுவதுபற்றி அவள் கதைக்கவில்லை. காலையில் தேத்தண்ணி வைக்குமுன் முள்ளைப் பார்ப்பாள். அது மேலே நின்றால், தம்பி வந்தால் எங்கே படுக்கவைப்பது என்று கதைப்பாள். வானம் வெளுத்து, நல்ல வெயில் எறித்து, முள் கீழே வருகிற நாட்களில் நான் அவளோடு கதை கொடுப்பதில்லை.