‘கேஸ் பெருசு’ என்று காட்டிய கைப்பேசி

கடந்த தை மாதம் என் இளைய மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். உத்திரமேரூரை அடுத்த எங்கள் ஊரிலிருந்து, ஐயங்கார்குளத்து மாப்பிள்ளை வீட்டாருடன் தொலைபேசியில் பேசினேன். ஜாதகம் பொருந்தியிருந்தது, மகளுக்கும் பிடித்திருந்தது. பெண் பார்க்கும் நாளைக் குறிப்பதுதான் பாக்கி. பிள்ளையின் தந்தையோ தயங்கினார்.

“தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க கூப்டா போன்ல ‘கேஸ் பெருசு’ன்னு வருது. இன்னா கேசுங்க அது? வூட்ல பொம்பளைங்க பயப்படுறாங்க.”

“நேரில் சொல்கிறேன்” என்று மட்டும் கூறி முடித்துக்கொண்டேன்.

அழைப்பவர் பெயரைக் காட்டும் செயலி அவரிடம் இருந்திருக்கிறது. ஏரிக்கு நீர் வரும் கால்வாயை ஆக்கிரமித்தவர்கள்மீது ஊருக்காக வழக்குத் தொடுத்தவன் நான். அதில் மனம் கசந்த எவரோ ‘வழக்குப் போடும் கிழவன்’ என்ற பொருளில் என் எண்ணை அப்படிப் பதிந்து வைத்திருக்க, செயலி அதை அள்ளிச் சென்று ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தது. அந்தச் செயலியை நான் தொட்டதுகூட இல்லை. என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்க வேண்டாமா?

“உங்க போன்லயே அந்த ஆப்பப் போட்டு பேர மாத்திடலாம்பா. ரெண்டே நிமிஷம்” என்றாள் மகள்.

நிறுவினோம். முதல் திரையிலேயே தொடர்புகள் அனைத்தையும் கேட்டது. மறுத்தால் மேற்கொண்டு நகரவில்லை. விரலை வைக்கப் போகையில்தான் நான் பதிந்து வைத்திருந்த பெயர்கள் நினைவுக்கு வந்தன. ‘மாப்பிள்ளை வீடு – சரிவராது’. ‘மாப்பிள்ளை வீடு – பையன் குடி’. என்னை நம்பி ஜாதகம் கொடுத்த குடும்பங்கள். என் பெயரைக் காக்க அவர்களை ஒப்படைப்பதா?

“முடியாது” என்றேன்.

“அதுக்குள்ள அவங்க வேற எடம் பாத்துட்டா?” என்றாள் மகள்.

அப்போதும் செயலியை நீக்கிவிட்டேன். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை வரி வரியாகப் படித்தேன். ஒப்புதல் வேண்டும் என்கிறது. அழிக்கக் கோரும் உரிமையும் தருகிறது. முழுமையாக நடைமுறைக்கு வரக் காலம் பிடிக்கும் என்றார் வழக்கறிஞர் நண்பர். பிடிக்கட்டும். நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதினேன், பதில் இல்லை, மீண்டும் மீண்டும் எழுதினேன்.

இதனிடையே ஐயங்கார்குளத்துக்கு நேரில் சென்றேன். வழக்கைப் பற்றியும், பெயரை மாற்றாமல் விட்ட காரணத்தைப் பற்றியும் ஒளிக்காமல் சொன்னேன். பிள்ளையின் தந்தை குறும்பாகப் பார்த்தார்.

“அது கெடக்கட்டும். எங்க நம்பர இன்னான்னு போட்டு வெச்சிகிறீங்க?”

கூச்சத்தோடு கைப்பேசியை நீட்டினேன். ‘மாப்பிள்ளை வீடு – யோசிக்கணும்’ என்றிருந்தது.

உரக்கச் சிரித்துவிட்டார். “யோசிச்சது போதும்ங்க, அத்த எடுத்துடுங்க. வெள்ளிக்கெயமை பொண்ணு பாக்க வர்றோம்.”

திருமணம் முடிந்த பிறகுதான், என் எண்ணை அழித்துவிட்டதாக நிறுவனத்தின் பதில் வந்தது. ஆனாலும் எந்தச் செயலி என் தொடர்புகளைக் கேட்டாலும், அதற்குச் சம்மதம் சொல்ல நான் ஒருவன் போதாது என்பதே இன்றுவரை என் பதில்.