கண் தாண்டிப் போன வரிகள்

ஜூன் பதினொன்று, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து மோட்டார் போட்டேன். தொட்டி நிறைந்ததும் அணைத்துவிட்டு, மின்சார மீட்டரைப் பார்த்து டைரியில் குறித்துக்கொண்டேன். இட்லி, காபி. பிறகு ஒரு பழைய நண்பரைப் பார்க்க விளாங்குடிக்குப் பஸ் ஏறினேன்.

அவர் எங்கள் வங்கியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். பார்வை கிடையாது. மெயில் வந்தால் கம்ப்யூட்டர் வாசித்துச் சொல்லும். வேலையை விட்டு வந்த எங்களுக்குள் ஒரு மெயில் குழு உண்டு. ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும். அதன் மென்பொருளைப் பார்த்துக்கொள்வது நான். குழுவின் விதிகள், விலகுவதற்கான முகவரி என்று ஒவ்வொரு மெயிலின் தலையிலும் அது ஆங்கிலத்தில் சில வரிகளை ஒட்டும். அவர் கேட்டுக்கொண்டதால் அமைப்புக் கோப்பைத் திருத்தி, அந்த வரிகளை அடியில் இறக்கி வைத்திருந்தேன்.

சில மாதங்களாக அவர் குழுவில் எழுதவில்லை. ஆனையூர் நண்பர் வீட்டில் நடந்த சந்திப்புக்கும் வரவில்லை. "அவனுக்கு இப்ப கெத்து கூடிப்போச்சு" என்று அங்கே நான்தான் சொன்னேன்.

"வா மாப்ள, வழி தெரிஞ்சிருச்சா?" என்று விளாங்குடியில் என் குரலைக் கேட்டதும் சிரித்தார்.

"ஆனையூருக்கு ஏன் வரல?"

"எப்ப நடந்துச்சு?"

"மெயில் போட்டேனே!"

"ஒன் மெயிலா? இந்தா, கேளு."

ஒரு விசையைத் தட்டினார். எடுத்ததும் அந்த ஆங்கில விதிகளை முடித்து, விலகும் முகவரியைப் புள்ளி, கோடு விடாமல் வாசித்தது கம்ப்யூட்டர்.

"இம்புட்டும் முடிஞ்சு விசயம் வர்றதுக்குள்ள தூக்கம் வந்துருது மாப்ள. தட்டித் தட்டித் தாண்டலாம். எம்புட்டு மெயிலுக்குத் தட்டுறது? விட்டுட்டேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"ஒருக்காக் கேட்டேன், செஞ்சு குடுத்த. மத்தவங்களுக்குத் தோதுப்படல போல, அதான் மாத்திட்டன்னு நெனச்சேன். திரும்பவும் வந்து நிக்கணுமா?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. சில மாதங்களுக்கு முன் மென்பொருளைப் புதுப்பித்தபோது, நான் திருத்திய கோப்பையே வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று அது கேட்டது. எதற்காகத் திருத்தினேன் என்று நினைவில்லை. மீட்டர் எண்ணைத் தவறாமல் எழுதுகிறவன், அதை எங்கும் எழுதி வைக்கவில்லை. புதியது சுத்தமாக இருக்கும் என்று அதையே போட்டேன்; வரிகள் மறுபடியும் தலைக்கு ஏறிவிட்டன. அதே மெயில்கள் எனக்கும்தான் வந்தன. அந்த வரிகளைத் தினமும் என் கண் தாண்டிப் போயிருக்கிறது.

சாயங்காலம் வரிகளை மறுபடியும் அடியில் இறக்கினேன். இந்த முறை திருத்தத்தை, புதுப்பித்தல் தொடாத தனிக் கோப்பில் வைத்து, காரணத்தையும் முதல் வரியிலேயே எழுதினேன். சோதனைக்கு ஒரு மெயில் அனுப்பினேன்.

அவரே போன் செய்தார். "எடுத்த எடுப்புல விசயத்துக்கு வந்துருச்சு மாப்ள!" சந்தோஷமாகத்தான் பேசினார். ஆனையூரில் நான் சொன்னதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் எழுந்ததும், மோட்டார் போடுவதற்கு முன்பே ஆனையூர் நண்பரைப் போனில் கூப்பிட்டேன். "கெத்துன்னு சொன்னேன்ல, அது தப்பு. தப்பு எம்மேலதான்" என்று ஆரம்பித்தேன்.