மாமா பார்த்து வைத்த படித்துறை

என் மருமகள் எங்காவது புறப்படுவதென்றால் முதலில் செல்போனைத்தான் கேட்கிறாள். எங்கே போகலாம், அங்கே எந்தக் கடையில் சாப்பிடலாம், சாயங்காலம் எந்தத் தியேட்டரில் என்ன படம், பையில் என்னென்ன மருந்து இருக்க வேண்டும், எல்லாவற்றையும் அது சொல்லிவிடுகிறது. போன வாரம் கொல்லிமலை அருவிக்குப் போகலாமென்று பேச்சு வந்தது. "தண்ணியில எறங்கறதுன்னா லைஃப் ஜாக்கெட் போட்டுக்கச் சொல்லுதுங்க அத்தை" என்று படித்துக் காட்டினாள். நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன்.

அந்தச் செல்போன் செய்கிற வேலையை எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் என் மாமா செய்துகொண்டிருந்தார். அம்மாவுக்குத் தம்பி. லாரியில் கிளீனராக ஏறி டிரைவரானவர். ராசிபுரத்துக்குப் பக்கத்தில் கிணற்றுத் தண்ணீரை நம்பிக் கிடந்த எங்கள் கடலைக்காட்டு வீட்டுக்கு அவர் வந்தால் ஊர் உலகமே உள்ளே வந்த மாதிரி இருக்கும். கடலைமூட்டைமேல் சாய்ந்துகொண்டு ஆரம்பிப்பார். ஈரோட்டில் எந்தச் சந்தில் ஆப்பம் நன்றாக இருக்கும், சங்ககிரி டென்ட் கொட்டகையில் எந்தத் தூணுக்குப் பின்னால் உட்காரக் கூடாது, மேட்டூர் போனால் எந்தப் பக்கம் நின்று அணையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நாங்கள் ராசிபுரம் சந்தையைத் தாண்டிப் போகாதவர்கள். ஆனாலும் வாயைப் பிளந்து கேட்போம்.

ஆபத்துக்கும் அவரிடம் வழி இருந்தது. "எப்பவும் கையில ஒரு சோப்புக் கட்டி இருக்கோணுங்க்கா. டீசல் டேங்கு ஓட்டையாச்சுன்னா அதை வெச்சு அப்பிருலாம். ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் தாங்கும்" என்றார் ஒரு நாள். எங்கள் வீட்டில் டேங்கும் கிடையாது, டீசலும் கிடையாது. இருந்தாலும் அம்மா ஒரு சோப்பைப் பாதியாக வெட்டி அடுக்குப் பானைக்குள் தனியாக எடுத்து வைத்தாள். அப்படிப்பட்டவள் அம்மா. காற்றடித்தால் கூரை, மழை பெய்தால் சுவர், நாங்கள் கண்ணில் படாவிட்டால் கிணறு என்று அவளுக்கு நாள் முழுவதும் பயம்தான்.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம் மாமா வந்து, ஆடிப் பதினெட்டுக்குக் குமாரபாளையம் போய் ஆற்றில் குளித்துவிட்டு வரலாம் என்றார். ஜவுளி பேல் மூட்டைகளை ஏற்றுவதற்காக அவர் வண்டி அங்கே காலியாகப் போகிறதாம்.

"படித்தொறையெல்லாம் நான் பார்த்து வெச்சிருக்கறன்க்கா. மொழங்காத் தண்ணிதான். குண்டாவுல உக்காந்து குளிக்கறாப்பல இருக்கும்."

அப்பா வரவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆள் வேண்டும். "போயிட்டு வாங்க மாப்ள. புள்ளைங்களை மட்டும் தண்ணியில எறக்காதீங்க" என்றார்.

"எட்ட நின்னு பார்த்துட்டு வர்றதுக்கு ஆறு என்னுங்க மச்சான், கலெக்டரா?" என்றார் மாமா. அப்பாவே சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை.

அவள் இரண்டு நாளாக மூட்டை கட்டினாள். புளிச்சோறு ஒரு தூக்குப்போசி, தயிர்ச்சோறு ஒரு தூக்குப்போசி. சோற்று வாசனைக்குக் காத்துக் கருப்பு கூட வரும் என்று இரண்டின்மேலும் ஒவ்வொரு அடுப்புக்கரித் துண்டு. சுக்கு, ஓமம், மஞ்சள்தூள், காயத்துக்குக் கட்டப் பழந்துணி, தீப்பெட்டி. அந்தப் பாதிச் சோப்பும் போனது.

எல்லாவற்றையும்விட என்னைத் தயார் செய்வதுதான் அவளுக்குப் பெரிய பாடாக இருந்தது. நான் வாய் திறக்காத பிள்ளை. விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். பள்ளிக்கூடத்தில் ஆஜர் கூப்பிடும்போது நான் சொல்லும் "உள்ளேன் ஐயா" பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு மட்டும்தான் கேட்கும். அவள்தான் எனக்காகத் திருப்பிச் சொல்வாள்.

"கூட்டத்துல காணாமப் போயிட்டீன்னா யாரு புள்ளைன்னு கேப்பாங்க. என்ன சொல்லோணும்?"

அப்பா பெயர், ஊர்ப் பெயர், காட்டின் பெயர். அம்மாவிடம் சொல்வேன். ஆட்டுக்கல்லிடம் சொல்வேன். எருமையிடம்கூடச் சொல்லிப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது.

லாரியின் பின்பக்கம் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்து போனோம். அதுவரை அவ்வளவு தண்ணீரை நான் பார்த்ததில்லை. எங்களுக்குத் தண்ணீர் என்றால் கிணற்றில் அடியில் கிடப்பது. இது கண்ணுக்கு எட்டின மட்டும் செம்மண் நிறத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. அம்மா ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள், மறு கையால் என் தம்பியைப் பிடித்தாள். வளையல் அழுந்தியது. வலிக்கிறது என்று சொல்லவும் எனக்கு வெட்கம், சுற்றிலும் அவ்வளவு சனம்.

மாமா கூட்டிப்போன படித்துறையில் முழங்கால் தண்ணீரைக் காணோம். பாதிப் படிகள் உள்ளே முங்கியிருந்தன. அவர் தலையைச் சொறிந்தார். "வைகாசியில வந்தப்ப இங்க மணலு தெரிஞ்சுதுங்க்கா."

"இது ஆடிடா."

"அதுக்கென்ன, அதுக்கும் ஒண்ணு கொண்டாந்திருக்கறன்" என்று வண்டிக்கு ஓடினார்.

கொண்டுவந்தது ஒரு லாரி டியூப். காற்றடித்து, கறுப்பாக, வெயிலில் சூடேறி, ரப்பர் நாற்றம் அடித்தது. பஞ்சர் கடையில் மாறிவிடாமலிருக்க அதன் மேல் வண்டி நம்பரை வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தார். இதில் உட்கார்ந்தால் யானையே முங்காது என்றார். அம்மா மாட்டேனென்றாள். அவர் விடவில்லை. கடைசியில், கயிறு கட்டினால்தான் ஆயிற்று என்று அம்மா சொல்ல, மாமா தார்ப்பாய்க் கயிற்றின் ஒரு நுனியை டியூப்பில் கட்டி, மறு நுனியைப் படியில் நட்டிருந்த கல்லில் கட்டினார்.

"இது லாரி முடிச்சுங்க்கா. பத்து டன்னு லோடைப் புடிச்சு நிறுத்தும். இழுக்க இழுக்க எறுகும். எறக்கறப்போ கொஞ்சம் தொய்ய உட்டாப் போதும், தானா அவுந்துக்கும்." அந்த முடிச்சில் அவருக்கு அவ்வளவு பெருமை. அதில் கடைசியாகச் சொன்னதை நாங்கள் யாரும் காதில் வாங்கவில்லை. அவரும்தான்.

நான் டியூப்பின் ஓட்டைக்குள் கால்களை விட்டு உட்கார்ந்தேன். ஆறு என்னை இழுத்தது, கயிறு பிடித்தது. அவ்வளவு சுகமாக நான் எங்கேயும் உட்கார்ந்ததில்லை. அம்மா கொஞ்ச நேரம் கண் எடுக்காமல் நின்றாள். பிறகு தம்பி பசிக்கு அழுதான். அவள் மேல்படிக்குப் போய்த் தூக்குப்போசியைத் திறந்துகொண்டே கூப்பிட்டாள்.

"வா சாமி, சோறு திங்கலாம்."

நான் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளித் தள்ளிப் படிக்குப் பக்கத்தில் வந்தேன். கயிறு தொய்ந்தது. மாமாவின் முடிச்சு தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தது.

ஒரு சுற்றுச் சுற்றி டியூப் படியை விட்டு விலகியது. கயிறு பின்னால் மிதந்து வந்தது. அம்மா முதுகு காட்டித் தம்பிக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தாள். மாமா பக்கத்துப் படியில் உட்கார்ந்திருந்த குடும்பத்துக்கு, மீன் வறுவல் எந்தக் கடையில் வாங்கலாம் என்று கையை நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும். இரண்டு பேரும் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார்கள்.

நான் சத்தம் போடவில்லை. படியெல்லாம் ஆம்பிளைகள். கத்தினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பாவாடை நனைந்து தொடையோடு ஒட்டியிருந்தது. மாமா இப்போது திரும்புவார், இதோ திரும்புவார் என்று பார்த்துக்கொண்டே போனேன். யார் கண்ணிலும் படாமலிருக்க, ஓட்டைக்குள் இன்னும் கீழே இறங்கி, டியூப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன்.

"வெறும் டியூப்பு போவுது பாருங்கடா!" என்று கரையில் யாரோ கத்தினார்கள்.

நல்லவேளை, என்னை யாரும் பார்க்கவில்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

பாலத்தின் நிழல் மேலே வந்தபோதுதான் தண்ணீரின் குளிர் உறைத்தது. படித்துறை எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. அப்போது ஒரு பரிசல் வந்து இடித்தது. துடுப்பை நீட்டிக் கயிற்றைப் பிடித்தவர் எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அடப் பாவமே! ஓசி டியூப்புன்னு வந்தா உள்ளார ஒரு புள்ள! ஏஞ்சாமி, கூவக் கூடாதா?"

கரைக்குக் கொண்டுபோய்த் தன் துண்டால் என்னைப் போர்த்தினார். "யாரு புள்ள சாமி நீயி?"

அம்மா கேட்ட அதே கேள்வி. ஆட்டுக்கல்லுக்கும் எருமைக்கும் சொன்ன பதில் தொண்டையில் தயாராக இருந்தது. அவர் முகத்தில் பெரிய மீசை இருந்தது. எனக்கு வாய் வரவில்லை. அதட்டிக் கேட்டார், கொஞ்சிக் கேட்டார். "பேச்சு வராத புள்ளையாட்ட இருக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு தோளில் டியூப்பை மாட்டி, ஒரு கையில் என்னைப் பிடித்து ரோட்டோர டீக்கடைக்கு நடந்தார். இனி அம்மாவைப் பார்க்கவே மாட்டேன் என்று அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அதையும் சத்தமில்லாமல்தான் அழுதேன்.

டீக்கடையில் நின்ற லாரி டிரைவர் ஒருவர் என்னைப் பார்க்கவில்லை, டியூப்பைப் பார்த்தார். "ஏனுங்க, இது ராசிபுரத்து வண்டி நம்பராச்சே. வண்டி அந்தப் படித்தொறை மேட்டுல நிக்குது" என்றார். நான் சொல்லாததை அந்தப் பெயிண்ட் எழுத்து சொல்லிவிட்டது.

திரும்பிப் போனபோது படித்துறையில் கூட்டம் கூடியிருந்தது. அம்மா மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் சோறு பிசைந்தது அப்படியே காய்ந்திருந்தது. தம்பி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாமா கழுத்தளவு தண்ணீரில் நின்றார். உதடு கறுத்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, காலால் ஆற்றுக்கு அடியில் மெதுவாகத் துழாவித் துழாவி நகர்ந்துகொண்டிருந்தார். கொஞ்சம் நகர்வார், முங்குவார், எழுந்திருப்பார், மறுபடி காலால் துழாவுவார்.

பாவம், டியூப்பைத் தேடுகிறார் என்று நினைத்தேன். லாரி ஓனர் பொருளாயிற்றே. அவர் படுகிற பாட்டைப் பார்த்து எனக்கு வெட்கம்கூட மறந்துபோயிற்று.

"மாமா! டியூப்பு இங்கதானுங்க இருக்குது!" என்று கத்தினேன்.

நான் அவ்வளவு சத்தமாகப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லை. கூட்டமே திரும்பியது. அம்மா ஓடிவந்து சோற்றுக் கையோடு என்னை வாரி எடுத்தாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. என் தலையை முகர்ந்துகொண்டே இருந்தாள். மாமா மட்டும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. பரிசல்காரர் இறங்கிப் போய்த்தான் அவரைக் கையைப் பிடித்து ஏற்றிக் கொண்டுவந்தார்.

பேல் ஏற்றி முடிந்து திரும்பும்போது நாங்கள் முன்பக்கம் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். அம்மா மீதிச் சோற்றை எங்களுக்கு ஊட்டினாள். எனக்குக் கரித்துண்டு பல்லில் மாட்டியது. "ஊட்டுல ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் அம்மா பொதுவாக. என்னிடம் அதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஆறு எப்படி இருந்துச்சு?" என்று வீடு சேர்ந்ததும் அப்பா கேட்டார்.

"நல்லா இருந்துச்சுங்க" என்றேன்.

அதற்குப் பிறகும் மாமா வந்தார், முன்மாதிரியே கடலைமூட்டைமேல் சாய்ந்தார். ஆனால் ஆப்பக்கடையும் இல்லை, டென்ட் கொட்டகையும் இல்லை. அப்பாதான் பொறுக்கமாட்டாமல், "என்னுங்க மாப்ள, வாயில கொழுக்கட்டையா? வர்ற தைக்கு எங்க போலாம்னு சொல்லுங்க" என்று கேட்டார். "எல்லா ஊரும் ஒண்ணுதானுங்க மச்சான்" என்றார் மாமா. அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். போனால் அவள் அங்கே பாத்திரம் உருட்டும் சத்தமாவது கேட்கும். அன்றைக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

உலகத்தில் இருக்கிற நல்ல ஊர்களையெல்லாம் மாமா பார்த்து முடித்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர் புறப்படும்போது வாசல் வரை பின்னாலேயே போனேன். அவர் முகம் எனக்குச் சங்கடமாக இருந்தது. ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் போலத் தோன்றியது.

"அதான் டியூப்பு கெடச்சிருச்சுங்களே மாமா. அப்புறம் ஏனுங்க பேசவே மாட்டேங்கறீங்க?"

மாமா ஓரடி திரும்பி வந்தார். பிறகு என் தலைமேல் கையை வைத்தார். எடுக்க மறந்தவர் மாதிரி அப்படியே வைத்திருந்தார். சட்டைப் பையிலிருந்து பொரிகடலைப் பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டிக்குப் போனார்.

டியூப் கிடைத்துவிட்டது, கயிறும் கிடைத்துவிட்டது. வேறு எதைத்தான் அவர் அந்த ஆற்றில் தொலைத்தார் என்று யோசித்துக்கொண்டே நான் வாசற்படியில் உட்கார்ந்து பொரிகடலையைத் தின்று முடித்தேன்.