பியானோ பக்கத்துக் குரோட்டன்ஸ்

பெங்களூர் தண்டில், அதாவது கன்டோன்மென்ட் பகுதியில், ஒரு துரைசானியின் பங்களா வராந்தாவில் சில வருஷம் தையல் மெஷின் ஓட்டினேன். அங்கிருந்த தோட்டக்காரரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. துரை கொடுத்த பழைய கோட்டு அவருடைய ஒல்லி உடம்பில் தொளதொளவென்று தொங்கும். தோளில் எப்போதும் ஓர் ஈரத்துணி. பேசும்போதும் ஏதாவது ஓர் இலையைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

ஹாலில் பியானோ பக்கத்தில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டியை அசைக்கக் கூடாது என்பது துரைசானியின் உத்தரவு. ஆனால் வெளிச்சம் இல்லாமல் அது இலையை உதிர்த்தது. அதனால் புதன்கிழமைதோறும் அந்த அம்மாள் கிளப்புக்குப் போனதும், அதே மாதிரி இன்னொரு செடியை உள்ளே வைத்து, தோட்டக்காரர் இதை வெளியே எடுத்துப்போவார்.

“தெரிஞ்சா வேலை போயிடுமே, அண்ணே?”

“செடி பட்டுப்போனாலும் போயிடும், டெய்லர்.”

ஒருநாள் மழை வந்து துரைசானி சீக்கிரமே திரும்பிவிட்டார். தோட்டக்காரர் கையில் ஒரு தொட்டி, காலடியில் இன்னொன்று.

“இதுல எது என் செடி?”

“ரெண்டும் உங்களுதுதாம்மா. ஒண்ணு டூட்டியில இருக்கு, ஒண்ணு லீவுல இருக்கு.”

துரைசானி சிரித்துவிட்டார். வேலை தப்பியது.

அந்த மனிதர் ஒருநாள்கூட லீவு எடுத்து நான் பார்த்ததில்லை. “உங்களுக்கு எப்போண்ணே லீவு?” என்று கேட்க வாய்வரை வந்தது. கூச்சத்தில் விழுங்கிவிட்டேன். கேட்டிருக்கலாம்.