தலை மட்டும் கேட்டவள்

மீனை வாங்கி, மூளையை எடுத்துக்கொண்டு மற்றதை வேண்டாம் என்கிற விசித்திரத் தொழில் எங்களுடையது. எண்பதுகளின் கடைசி, ராஜபாளையம் பக்கம் ஒரு கண்மாயில் சாயப்பட்டறைத் தண்ணீர் கலந்துகொண்டிருந்தது. மூளைக்குள் போகும் விஷத்தை முறிக்க மீனுக்கு ஒரு என்சைம் உண்டு. இந்தத் தண்ணீரில் அது என்ன பாடு படுகிறது என்று பார்ப்பதே என் ஆராய்ச்சி. ஆராய்ச்சி என்று கிளம்பி அல்லாடியவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

சுத்தம் செய்த மீன்

கண்மாயில் மீன் பிடிக்கும் மாடசாமி அண்ணாச்சியிடம், பன்னிரண்டு ஜிலேபிக்கெண்டை முழுசாக, உயிரோடு வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஐஸ் வாங்கித் திரும்புவதற்குள் செதிள் உரசி, தலையை நறுக்கி, வாழையிலையில் பரப்பி வைத்திருக்கிறார். தலைகளைத் தன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டாராம். மீன் ஆய்கிறவருக்குத் தலை என்பது அங்கே வழக்கம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவருக்கோ முகமெல்லாம் பெருமை.

"படிக்கிற பிள்ளை கையில முள்ளு குத்திரக் கூடாதுல்லா தாயி, அதான் நானே ஆஞ்சுட்டேன்."

பஸ்ஸில் ஒரு பெட்டி

அடுத்த தடவை பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்தேன். எடுத்த மூளைகளை ஐஸ் பெட்டியில் வைத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக மதுரை லேபுக்குக் கிளம்பினேன். சூடு பட்டால் என்சைம் வீண். நான் கண்ணயர்ந்த நேரம் பார்த்து யாரோ நாறுகிறது என்று முனக, கண்டக்டர் பெட்டியைத் தூக்கி இன்ஜின் மூடி மேல் வைத்துவிட்டார். கிருஷ்ணன்கோவிலில் விழித்துப் பார்க்கிறேன், உள்ளே வெந்நீர். கத்தித் தீர்த்தேன். அந்த மனுஷன் அசரவே இல்லை.

"செத்த மீனுக்கு என்னம்மா வெக்கையும் குளிரும்?"

முதலாளியின் காபி

கழிவுத் தண்ணீர் கேட்டுப் போன என்னை, சாயப்பட்டறை முதலாளி காபி கொடுத்து உட்காரவைத்தார். கழிவு வாய்க்காலில் ஒரு பாட்டில் மொண்டுகொள்ளவும் விட்டார். கருஞ்சிவப்புத் தண்ணீர். இதில் கிடக்கிற மீனுக்கு மூளை கெட்டுப்போகாதா என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே அவர் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"மூளை இருந்தா அது ஏன் இந்தத் தண்ணிக்கு வருது?"

உயிரோடு நீந்தினால்

ஒருவழியாக முடிவு வந்தது. கண்மாயின் நடுவில் பிடித்த மீன்களில் விஷத்தோடு மல்லுக்கட்டி என்சைம் எகிறியிருந்தது. வாய்க்கால் வந்து விழும் இடத்து மீன்களில் அடியோடு இறங்கிப்போயிருந்தது. போராடிப் போராடிக் கைவிட்டிருக்கிறது. சாயமே கலக்காத செண்பகத்தோப்பு ஓடை மீன்களில் இந்தக் கோளாறே கிடையாது. எல்லாவற்றையும் புகாராக எழுதி மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசில் நீட்டினேன். மீன் செத்து மிதந்ததா என்று மட்டும் கேட்டார் அதிகாரி. இல்லை என்றேன். தாளைத் திருப்பித் தந்துவிட்டார்.

"உசுரோட நீந்துறதுக்கெல்லாம் புகார் எழுதினா எப்படிம்மா?"

தலைக் குழம்பு

அந்தக் கோபத்தோடு நேரே மாடசாமி அண்ணாச்சியிடம் போனேன். மீன் பார்க்க நன்றாயிருக்கும், மூளை தோற்றுப்போயிருக்கிறது, இனி தலையைத் தின்னாதீர்கள் என்றேன். அவர் முகம் செத்துப்போனது. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாளாம். பிடிக்கிற மீனெல்லாம் சந்தைக்கு, தலையெல்லாம் அவளுக்கு. என் பன்னிரண்டு தலைகளும் அவளுக்குத்தான் போயிருக்கின்றன.

"தலையத் தின்னா பிள்ளை அறிவாப் பொறக்கும்னு நாந்தானே தாயி அள்ளி அள்ளிக் குடுத்தேன்."

மீனின் மூளை எந்த இடத்தில் கைவிட்டது என்று கண்டுபிடித்ததற்காக எனக்கு டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். அந்த வாய்க்காலை அடைக்கத்தான் பட்டத்துக்கு வக்கில்லை.