பாட்டுக்கு வரி இல்லை

படத்தில் பேசுகிறவர் வாய் மூடுவதற்குள், அவர் சொன்னதை இரண்டு வரியில் சொல்லிவிட்டு மறைந்துபோக வேண்டிய தொழில், சப்டைட்டில் எழுதுவது.

டாக்டரின் அறையில் அம்மாவுக்காகப் பேசுகிறவர்கள், கந்தோரில் மேலதிகாரியின் ஆங்கிலத்தைத் தமிழாக்கிக் கொடுத்துவிட்டு மூலையில் நிற்கிறவர்கள், வெளிநாட்டு மருமகளுக்கும் தன் சகோதரிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, சாப்பாடு ஆறிப்போகும்வரை இரு பக்கமும் பேச்சை மாற்றிக் கொடுக்கிறவர்கள் எல்லோரும் என் இனம். இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

நான் கொழும்பு வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், மாடிவீடு ஒன்றில் இருந்து இந்த வேலையைச் செய்கிறேன். ரயில் போகும்போது மேசை நடுங்கும். நடுக்கம் நிற்கும்வரை எழுதாமல் இருப்பேன். ஒரு தனியார் தொலைக்காட்சிக்காக நல்ல படங்கள் பலவற்றுக்குத் தமிழ் வரி எழுதியிருக்கிறேன். பரிசு வாங்கிய படங்கள், மனிதர்கள் மெல்லப் பேசி மெல்லச் செத்துப்போகும் படங்கள். அவற்றை யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை. திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று தொலைக்காட்சி திரும்பத் திரும்பப் போடுவது ஒரே ஒரு படத்தைத்தான். அது நீளமுடி வளர்த்த ஒரு ரொக் இசைக்குழு நடித்த கோமாளிப் படம்.

நாலு பேரும் ஒரு கேக்கும்

கதை இவ்வளவுதான். ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்தில் வாசிக்க நாலு பெடியன்கள் வருகிறார்கள். சமையற்காரன் ஒருவன், தன் மேல் கோபம் கொண்ட பெண்வீட்டாருக்குப் பயந்து, கல்யாணக் கேக்கை அவர்களுடைய பெரிய டிரம்முக்குள் ஒளித்து வைக்கிறான். வாசித்து முடித்து நாலு பேரும் வான் வண்டியில் ஏறிப் போகிறார்கள். மணமகள், மாப்பிள்ளை, பாதிரியார், சைக்கிளில் பொலிஸ், ஒரு வாத்துக் கூட்டம் என்று எல்லோரும் பின்னால் துரத்துகிறார்கள். எதற்கென்று அந்த நாலு பேருக்கும் கடைசிவரை தெரியாது. இடையிடையே நின்று பாடுகிறார்கள். ஒரு பியானோவில் ஏறி ஆற்றைக் கடக்கிறார்கள்.

முதன்முறை எழுதியபோது எனக்கு இதில் பெரிய மரியாதை இருக்கவில்லை. ஒருவனை ஒருவன் திட்டும் இடங்களில் கைக்கு வந்த சொல்லைப் போட்டேன். எங்கள் வீட்டில் பைத்தியம் என்று திட்டுவதென்றால் 'விசர்' என்றுதான் திட்டுவோம். ஆகவே அவர்களும் "விசரா", "உனக்கென்ன விசரா" என்று திட்டிக்கொண்டார்கள். வரிகளைப் படத்தில் பொருத்துகிறவள் ரிஸ்னா. தெமட்டகொடைப் பிள்ளை, கெட்டிக்காரி, சிரிக்காமல் பகிடி விடுகிறவள். பாதிப் படத்தில் நிறுத்திவிட்டு என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மிஸ், ஒரு சந்தேகம். இந்த நாலு பேரும் லண்டனுக்குப் போன யாழ்ப்பாணத்து ஆக்களா?"

லிஃப்டில் ஒருவர்

எங்கள் மாடியில் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர் ஒருவர் இருக்கிறார். என்னைவிட மூத்தவர். யாருடனும் அதிகம் கதைக்கமாட்டார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் இதே வெள்ளவத்தையில் வீட்டை விட்டு ஓடியவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் அதைச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஊரடங்கு போட்டிருந்த ஒரு கிழமையில் தொலைக்காட்சி மறுபடியும் அந்தப் படத்தைப் போட்டது. மறுநாள் லிஃப்டில் என்னுடன் ஏறினார். கதவு மூடியதும், "நீங்கள்தானே அந்தப் படத்துக்குத் தமிழ் எழுதினது" என்றார். ஓம் என்றேன். பிழை ஏதோ கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில், தெரிந்தவர் வாய் திறந்தால் பிழை சொல்வதற்குத்தான்.

அவர் மேலே மாறும் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தப் படத்தில் அப்படி என்ன இருக்கிறதென்று, படித்த நாலு பேர் கூடினால் கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். வேட்டியைச் சரிசெய்துகொண்டு இறங்கும்போது அவர் சொன்ன பதிலைவிட நல்ல பதிலை நான் இன்னும் கேட்கவில்லை.

"இவ்வளவு சனம் துரத்தியும் ஒருத்தரும் சாகாத படம் பிள்ளை, அது."

எழுந்து போகிறவர்

எழுதி முடித்த வேலை ஒன்றைக் கொடுக்கக் கொள்ளுப்பிட்டியில் உள்ள ஸ்டூடியோவுக்குப் போயிருந்தேன். வரவேற்பு மேசையின் முன்னால் ஒரு அம்மா நின்று, சப்டைட்டில் எழுதுகிறவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். இப்படி யாரும் கேட்டதில்லை என்பதால் அங்கிருந்த பெண் என் பக்கம் கையைக் காட்டினாள். அந்த அம்மாவுக்குப் பிலோமினா என்று பெயர். கொட்டாஞ்சேனையில் இருந்து வந்திருந்தார். பக்கத்தில் கணவர் அன்ரனி. நன்றாக அயன் பண்ணிய நீளக்கை சேட், பின்னால் வாரிய நரைமுடி, விரலில் பெரிய மோதிரம். ஒரு காலத்தில் கொழும்பில் பாதிக் கல்யாணங்களுக்கு டிரம்ஸ் வாசித்தவராம். பெரிய ஸ்பீக்கர்களின் பக்கத்தில் இருந்தே போன காது. மெஷின் போட்டால் சத்தம் வருகிறது, சொல் வரவில்லை என்று அதைக் கழற்றி வைத்துவிட்டார்.

"அவர் இப்ப ரூமவிட்டு வெளிய வாறதே இல்ல மிஸ்" என்றார் பிலோமினா. "பேரப்பிள்ளைகள் கதைச்சா எரிச்சல். நான் கதைச்சா அதவிட எரிச்சல். உங்கட அந்தக் கேக் படம் போட்டா மட்டும் வந்து என்னோட ஹோல்ல இருப்பார். எழுத்து ஓடுறதால விளங்குது. ஆனா பாட்டு வந்தா எழுத்து நிண்டிரும். நிண்டதும் எழும்பி ரூமுக்குப் போயிருவார். பிறகு வரமாட்டார். முதல் பாட்டுக்கு மேல நாங்க சேந்து பாத்ததே இல்ல."

பாட்டுக்கு வரி போடுவதில்லை என்பது அந்தத் தொலைக்காட்சியின் பழக்கம். பாட்டை ரசிக்க மொழி வேண்டாம், காது போதும் என்பது அதற்குச் சொல்லும் நியாயம். நான் பிலோமினாவுக்கு அதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தேன். அன்ரனி என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். காது கேளாதவர்களுக்கே உரிய பெரிய குரலில், வரவேற்பறை முழுக்கத் திரும்பிப் பார்க்க, அவர் கேட்டது இது.

"பாட்டு வந்தா நீங்களும் செவிடா?"

ஓம்

பாட்டுக்கும் வரி போட ரிஸ்னா மேலிடத்தில் கேட்டாள். ஒரே ஒருமுறை, இந்த ஒரு படத்துக்கு மட்டும், ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரக் காட்சியில் என்று அனுமதி வந்தது. "யாராவது போன் பண்ணி ஏசினா உங்கட நம்பரக் குடுப்பன்" என்றாள்.

பாட்டுகளைக் காகிதத்தில் இறக்கியபோதுதான் சிக்கல் தெரிந்தது. அவற்றில் அர்த்தம் என்று ஒன்று இல்லை. அர்த்தம் உள்ள கவிதையை மொழிபெயர்ப்பது கடினம் என்பார்கள். அர்த்தம் இல்லாததை மொழிபெயர்த்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். பொலிஸ் துரத்தும்போது பாடும் பாட்டில் மணமகள் ஏதேதோ கேட்கிறாள், நாலு பேரும் வான் வண்டியின் கூரையில் நின்று ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஆம், ஆம், ஆம் என்று கத்துகிறார்கள். நாங்கள் கதைக்கிற தமிழில் அது ஓம். எனவே "ஓம்! ஓம்! ஓம்!" என்று எழுதினேன். திருப்பிப் படித்தும் பார்த்தேன். வீட்டில் நாள் முழுக்கச் சொல்கிற சொல் என்பதால் எதுவும் தட்டுப்படவில்லை. ரிஸ்னா அதைப் படத்தில் போட்டுப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். அவள் சொன்ன பிறகு அதை 'ஓமோம்' என்று மாற்றினேன். அதுதான் அவசரத்தில் ஓடுகிறவன் சொல்லும் ஆம்.

"மிஸ், பொலிஸ் துரத்திட்டு இருக்கு. இவங்க நிண்டு பூசை செய்றாங்க."

தகதிமி

எழுதியதை அனுப்புவதற்கு முன் அன்ரனிக்குக் காட்டுவது சரி என்று தோன்றியது. கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய வீடு ஒடுக்கமான ஒரு தெருவில், துறைமுகத்துக் கப்பல் சங்கு ஊதினால் யன்னல் கண்ணாடி அதிரும் தூரத்தில் இருந்தது. சங்கு ஊதியபோது பிலோமினாவும் நானும் பேச்சை நிறுத்தினோம். அவர் நிறுத்தாமல் படித்துக்கொண்டிருந்தார். ஓமோம் என்ற இடத்தில் மீசை லேசாக அசைந்தது. பிறகு ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

அது டிரம்ஸ் தனியாக வாசிக்கப்படும் இடம். கேட்காதவருக்கு அதையும் எழுத வேண்டும் என்று நினைத்து, சின்ன வயதில் மிருதங்க வகுப்புக்குப் பக்கத்து அறையில் இருந்து கேட்டுப் பழகிய சொற்களை எழுதியிருந்தேன்: தகதிமி தகஜணு, தகதிமி தகஜணு. "இது என்ன?" என்றார். டிரம்ஸ் என்று கையால் காட்டினேன். "இதுக்குத் தாலி கட்டலாம் மிஸ். ஆட ஏலாது" என்றார். பிலோமினா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நான் வேறு எப்படி எழுதுவது என்று காகிதத்தில் கேட்டேன். டும் டும் என்றா, டிஷ் என்றா? அவர் மேசைமேல் இரண்டு விரலால் மெல்லத் தட்டினார். அவருக்கே கேட்காத தட்டல். தட்டிக்கொண்டே என் பேனாவை எடுத்து அந்தப் பக்கம் முழுவதையும் குறுக்கே வெட்டினார். காகிதத்தை என்னிடம் திருப்பித் தந்தபோது அவருடைய குரல் முதன்முறையாகத் தாழ்ந்திருந்தது.

"அடிக்கிறவன்ட கையைப் பாத்தா எனக்கு எல்லாம் கேக்கும். பாடுறவன்ட வாயப் பாத்தாத்தான் ஒண்டும் கேக்குதில்ல."

ஞாயிறு பின்னேரம்

அவர் சொன்னதை வைத்து ரிஸ்னாவிடம் ஒரு மாற்றம் கேட்டேன். கேட்கிறவர்களுக்கு வரியும் குரலும் சேர்ந்து வரவேண்டும்; அதுதான் எங்கள் ஒழுங்கு. பாட்டில் மட்டும் வரி குரலுக்குச் சற்று முந்தி வரட்டும் என்றேன். முதலில் சொல்லைப் படித்துவிட்டால், பிறகு அந்தச் சொல் பாடுகிறவனுடைய வாயில் வருவதைப் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கும். "பாக்கிற மத்த ஆக்களுக்கு பிசகினமாதிரி இருக்குமே மிஸ்" என்றாள் ரிஸ்னா. இருக்கட்டும் என்றேன். அவள் மாற்றிவிட்டாள்.

பிலோமினா வரச்சொல்லிக் கேட்டதால், அந்தப் பின்னேரம் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பட்டிஸும் தேத்தண்ணியும் தந்தார்கள். அன்ரனி பிரம்புக் கதிரையில், பிலோமினா அவருக்கு அருகில், நான் கதவோரமாக. எழுதியதை அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதைப் போல் கொடுமை இல்லை. கல்யாண வீடு வந்தது. சமையற்காரன் கேக்கை ஒளித்தான். நாலு பேரும் கிற்றாரை எடுத்தார்கள். முதல் பாட்டு. பழக்கத்தில் அன்ரனியின் கைகள் கதிரையின் பிடியை அழுத்தின. அரைவாசி எழும்பிவிட்டார். பிலோமினா அவரைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது திரையின் அடியில், பாடகன் வாயைத் திறப்பதற்கு முன், வரி வந்தது: "கேத்தல் கூரையிலே, காதல் ரசத்திலே." கேத்தல் என்பது தேத்தண்ணிக்கு நீர் கொதிக்கும் கேத்தல்தான்; ரசம் ஆங்கிலத்தில் சூப். சூப்பில் விழுந்த காதல் தமிழில் ஒலிக்கவில்லை என்று ரசத்தில் போட்டிருந்தேன்.

அன்ரனி எழும்பியபடியே நின்று அதைப் படித்தார். பிறகு பாடகனுடைய வாயைப் பார்த்தார். சிரிப்பு அவருக்குத் தொண்டையில் இருந்து, சத்தத்தின் அளவு தெரியாமல், வீடு முழுக்கக் கேட்க வந்தது. பாடகனின் குரல் வந்தது அதற்குப் பிறகுதான். அவர் கதிரையில் உட்கார்ந்தார். அடுத்த பாட்டுக்கு எழும்பவில்லை. டிரம்ஸ் தனியாக வந்த இடத்தில் எழுத்து எதுவும் இல்லை. அவருடைய வலது கால் நிலத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பியானோவில் ஆற்றைக் கடக்கும்வரை இருந்தார். நான் ஆறு வந்ததைச் சரியாகப் பார்க்கவில்லை. பிலோமினா படத்தையே பார்க்கவில்லை. என்னை ஓட்டோவில் ஏற்றிவிடத் தெருமுனைவரை வந்து, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மிஸ், இவ்வளவு காலமும் எந்த இடத்தில சிரிக்கிறதெண்டு என்ட முகத்தப் பாத்துத்தான் அவர் சிரிச்சார். இண்டைக்கு நான் அவர்ட முகத்தப் பாத்துச் சிரிச்சன்."

ஆங்கில இலக்கியம் படித்து, பெரிய கவிகளையெல்லாம் மனப்பாடம் செய்து, கடைசியில் நான் சரியாகச் செய்த ஒரே வேலை, காதல் ரசத்தில் விழுந்த செய்தியைக் கொஞ்சம் முந்திச் சொன்னதுதான்.